புதுப்பிப்பு: வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் தேவையா என்று கேட்டிருந்தேனே

போன வருடம் கேட்டது: இன்டீரியர் டிசைன் படிக்கிறேன், பின்லாந்தில் ஒரு செமஸ்டர் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது, போகலாமா, இல்லை இணையத்தில் படம் பார்த்தாலே போதுமா என்று. சரி, போய்விட்டு வந்துவிட்டேன். படம் போதாது.

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த பைமியோ காசநோய் மருத்துவமனையை (1933) எத்தனையோ புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் நோயாளி அறையில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான், படுத்தே கிடப்பவருக்காகக் கூரைக்குப் பச்சை அடித்து, விளக்கு கண்ணைக் கூசாதபடி வைத்து, பக்கத்தில் தூங்குபவர் விழிக்காமலிருக்கத் தண்ணீர் சத்தமில்லாமல் விழும் வாஷ்பேசினையும் செய்திருக்கிறார்கள் என்பது மண்டையில் உறைத்தது.

ஆசிரியர்கள் நம் டிசைனைப் பார்த்து விமர்சிக்கும் முதல் ரிவ்யூவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரெண்டர் (கணினியில் செய்த அறைப் படம்) அழகாக இருந்தது, ஆனால் குளிர்கால வெயில் எவ்வளவு தாழ்வாக வரும் என்று கேட்டார்கள், முழித்தேன். அப்புறம் கூடப் படித்த ஜப்பானியப் பெண் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்திலிருந்து அறையை வரைந்தாள், நான் எப்போதும் நின்றபடியே வரைந்திருக்கிறேன்!

மதிப்பெண் ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எந்த அறைக்குப் போனாலும் முதலில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.