விமானத்தை இழுப்பது டார்க்கா, எச்.பி.யா?

குடியாத்தம் டிராக்டர் மெக்கானிக்:
சின்ன விமானம் என்றாலே எல்லோரும் எச்.பி.யைத்தான், அதாவது எஞ்சின் நொடிக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பதைத்தான் பேசுகிறார்கள். தண்டைச் சுற்றுவது டார்க், அதாவது முறுக்கும் விசை. டார்க் இருந்தால் சேற்றிலும் கலப்பை நிற்காது, புரொப்பெல்லருக்கும் அதுதான்.

காட்பாடி மாணவி:
இல்லை அண்ணா. செஸ்னா 150-இல் வரும் கான்டினென்டல் ஓ-200 எஞ்சின், நிமிடத்துக்கு 2750 சுற்றில் 100 எச்.பி. தரும்; டார்க் சுமார் 259 நியூட்டன் மீட்டர். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின் 5800 சுற்றில் அதே 100 எச்.பி.; டார்க் அதில் பாதிகூட இல்லை. இரண்டுமே இரண்டு பேர் உட்காரும் விமானத்தை நன்றாகத் தூக்குகின்றன.

குடியாத்தம் டிராக்டர் மெக்கானிக்:
ரோட்டாக்ஸில் 2.43-க்கு 1 கியர்பாக்ஸ் இருக்கிறதேம்மா, எஞ்சின் 2.43 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று! புரொப்பெல்லர் தண்டுக்கு வரும்போது டார்க் 290-ஐத் தாண்டிவிடும். டார்க் முக்கியமில்லை என்றால் கியர்பாக்ஸ் எதற்கு?

காட்பாடி மாணவி:
புரொப்பெல்லர் றெக்கையின் நுனிக்காக. 1.75 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை 5800-இல் சுற்றினால் நுனி நொடிக்கு 530 மீட்டர் ஓடும். ஒலியின் வேகமே 340 சொச்சம்தான். அலறல் வரும், இழுவை போய்விடும். கியர் போட்டால் நுனி 220-க்கு இறங்குகிறது. டார்க் கூடிய அளவுக்குச் சுற்று குறைந்துவிட்டது, எச்.பி. ஒரு துளி கூடவில்லை.

ராணிப்பேட்டை லேத்:
இரண்டு பேரும் வேகத்தை விட்டுவிட்டீர்கள். 100 எச்.பி. என்பது சுமார் 75 கிலோவாட். புரொப்பெல்லர் அதில் 80 சதவீதத்தை வேலையாக மாற்றினால் 60 கிலோவாட். நொடிக்கு 50 மீட்டரில் பறக்கும்போது, அதை வேகத்தால் வகுத்தால், உந்துவிசை 1200 நியூட்டன், அதாவது 120 கிலோ சொச்சம். அதே 80 சதவீதத்தோடு 60 மீட்டரில் போனால் 1000 நியூட்டன்தான். எஞ்சின் மாறவில்லை, டார்க்கும் மாறவில்லை. அப்புறம் விட்டம்: அதே எச்.பி.க்குப் பெரிய விட்டம் போட்டால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும், புறப்படும்போது இழுவை கூடும். மே மாதம் வேலூரில் 42 டிகிரி அடிக்கும்போது, 15 டிகிரிக்குப் போட்ட கணக்கைவிடக் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. அப்படி மதியத்தில் கிளம்புகிற சின்ன விமானத்துக்கு எஞ்சினின் மூச்சும் குறையும், புரொப்பெல்லர் றெக்கையின் பிடிமானமும் குறையும்.

குடியாத்தம் டிராக்டர் மெக்கானிக்:
சரி, றெக்கைக் கோணம் மாற்ற முடியாத புரொப்பெல்லரை எடுங்கள். பிரேக் பிடித்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 2750 வராது, அதற்குக் கீழேயே நின்றுவிடும். காற்று எதிர்க்கும் டார்க்கும் எஞ்சின் தரும் டார்க்கும் சமமாகும் இடம் அது. அந்தச் சுற்றை முடிவு செய்வது டார்க்தான், இதை நான் விடமாட்டேன்.

காட்பாடி மாணவி:
சுற்றை அது முடிவு செய்யட்டும் அண்ணா. அந்தச் சுற்றில் எத்தனை எச்.பி. கிடைக்கிறதோ, அதை வைத்துத்தான் புரொப்பெல்லர் காற்றைத் தள்ள முடியும். தரையில் முழு 100 எச்.பி.யும் வேண்டுமென்றால் கோணத்தைக் குறைக்க வேண்டும். அப்போது மேலே போய் வேகம் கிடைக்காது.