மறு: குழந்தையின் மண்டையில் வேகமாக வளரும் கட்டிக்குப் பெயர்

குழும அன்பர்களுக்கு வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன்.

குழந்தைகளின் மண்டையில் வேகமாக வளரும், புற்றல்லாத கட்டியான ‘கிரேனியல் ஃபேசியைட்டிஸ்’ (cranial fasciitis) என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் குழுமத்தில் ஐயா தந்த ‘மண்டைத் திசுப்படல அழற்சி’ மூலச்சொல்லுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. என் வழக்கே அந்த மூலச்சொல்லோடுதான். 1980-இல் லாயர் (Lauer), என்சிங்கர் (Enzinger) என்ற மருத்துவர்கள் ஒன்பது குழந்தைகளிடம் கண்டு எழுதியபோது விழுந்த பெயர் அது. இதில் சீழும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நார்த்திசுச் செல்கள் மளமளவென்று பெருகுகின்றன, அவ்வளவுதான். இதன் மூத்த உறவான முடிச்சு வகையில் (nodular fasciitis) யுஎஸ்பி6 (USP6) என்ற மரபணு இடம் மாறி ஒட்டிக்கொண்டு செல்களைப் பெருகவைப்பதை 2011-இல் கண்டுபிடித்த பிறகு, ‘அழற்சி’க்கு இருந்த கொஞ்சநஞ்ச நியாயமும் போயிற்று.

நான் செவிலி. தோட்டத்து லைன் வீட்டுத் தாய்மாரிடம் அழற்சி என்றால் அடுத்த கேள்வி, “மருந்து போட்டா அமுங்கிடுமா சிஸ்டர்?” என்பதுதான். அமுங்கும் என்று காத்திருந்தால் கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுப்பது தள்ளிப்போகும்.

குழுமத்தில் வந்த இன்னொரு பெயரான ‘போலிப் புற்று’ வேண்டவே வேண்டாம். ஸ்கேனில் மண்டையோட்டின் வெளிப்புறம் அரித்திருப்பது தெரிந்தாலே வீட்டார் பாதி உயிராகிவிடுவார்கள். அந்த நேரத்தில் ‘போலி’ காதில் விழாது, ‘புற்று’ மட்டும் விழும். வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. திரும்ப வருவது அரிது.

கொடைக்கானல் நண்பரின் ‘காளான் கட்டி’ அழகுதான். மழை விட்ட மறுநாள் சோலையோரம் பார்த்தவர் வைத்த பெயர்! ஆனால் காளான் என்றதும் பூஞ்சைத் தொற்று என்று நினைத்து, படை, தேமலுக்குத் தடவும் களிம்பை வாங்கித் தேய்த்துவிடுவார்கள். ‘கழலை’ என்றால் தாத்தா முதுகில் இருபது வருடமாக இருக்கிறதே, அதுதான் நினைவுக்கு வரும்.

தாய்மார் வாயில் வருவது ‘மண்டை புடைச்சிருக்கு’. அதையே எடுத்துக்கொண்டு ‘மண்டை வளர்புடைப்பு’ என்கிறேன். வளர்பிறை போல வினைத்தொகை: நேற்றும் வளர்ந்தது, இன்றும் வளர்கிறது. விழுந்து அடிபட்ட புடைப்பு நாளுக்கு நாள் வற்றும்; இது ஏறும். அந்த வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. முடிச்சு வகைக்கு ‘முடிச்சு வளர்புடைப்பு’ என்று குடும்பமும் சேர்ந்துவிடும்.

மூலச்சொல்லில் உள்ள திசுப்படலம் (தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு) விட்டுப்போயிற்றே என்பீர்கள். அது விளக்கத்தில் இருக்கட்டும், ஐயா.

—

மறுமொழி, கொடைக்கானலிலிருந்து:

காளானைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் சிஸ்டர். ஒரே ஒரு ஐயம்: சொல்லைக் கேட்டதும் ‘இன்னும் வளருமா?’ என்று கேட்பார்களே?

—

மறுமொழி, குன்னூரிலிருந்து:

கேட்கட்டும். கேட்டால்தான் பஸ் ஏறுவார்கள்.