திருமயம் சாலையில் அடித்த மிஸ்ஸிங்

பள்ளத்தூரிலிருந்து:
திருச்சியிலிருந்து வரும் வழியில், திருமயம் கோட்டை கண்ணில் படும் இடத்தில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் மிஸ்ஸிங் அடித்து, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், உதறியது. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. லாரிக்குப் பக்கவாட்டில் இருக்கையில் இழுவை போன அந்தக் கணம் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறு கோட், அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். மெக்கானிக், பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு காயில்களையும் புதிதாக மாற்றினார். மறுநாளும் அதே உதறல். மூன்றாவதன் காயிலை ஒன்றாவதில் மாட்டிப் பார்த்திருந்தால், கோளாறு இடம் மாறாததிலிருந்தே காயில் நன்றாக இருப்பது விளங்கியிருக்கும். பிறகு நானே, பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளில் மூன்றாவதையும் ஒன்றாவதையும் இடம் மாற்றினேன். கோட் பி0301 ஆனது, அதாவது கோளாறு பிளக்கோடு ஒன்றாவது சிலிண்டருக்குப் போனது. கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியதுபோல் ஒரு கரிக்கோடு. தீப்பொறி பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டாமல் அந்தக் கோட்டின் வழியே வெளியேறியிருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் பிளக் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். பூர்வீக வீட்டுக் கொட்டகையில் நான்கு மாதம் நின்ற என் காரும் ஒரு சிலிண்டரில் மிஸ் ஆனது. அந்தப் பிளக்கைக் கழற்றி முகர்ந்தேன். காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாடையே இல்லை. சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வயரை எலி கடித்துச் செம்பு தெரிந்தது.

காரைக்குடியிலிருந்து:
விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே மதுரை வரை ஓட்டியவன் நான். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் போய் எரிந்ததால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டது. ஆகவே விளக்கு மின்னினால் ஓரங்கட்டுங்கள். மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பதையும் குறித்து வையுங்கள். அழுத்தும்போது மட்டும் வந்தால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். டர்போ காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், பொறி பாய்வதற்கு மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும். கூடுதல் சக்திக்காக எஞ்சின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்த வண்டிகளில் பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைப்பது இதனால்தான். ஐட்லிங்கில் மட்டும் வந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மட்டும் வந்து, அது பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினாகவும் இருந்தால், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுகளில் கரி படிந்திருக்கலாம். அங்கே பெட்ரோல் பட்டுக் கழுவுவதே இல்லை. இவை எதுவும் இல்லையென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து:
தேவகோட்டைத் தம்பிக்கு: என் பிளக் நனைந்திருந்தது, பெட்ரோல் வாடை கடுமையாக வீசியது, எனவே எலியைச் சந்தேகிக்க இடமில்லை. காரைக்குடி அண்ணன் சொன்னதுதான் உறுத்துகிறது. விளக்கு மின்னிய பிறகும் கானாடுகாத்தான் விலக்கு வரை ஓட்டிவந்துவிட்டேன். கன்வெர்ட்டரைத் திங்கட்கிழமை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.