சிமுலேஷனா, டெஸ்ட் லேபா: முதல் வேலைக்கு எது சரி?

சக்கரம்24:
பி.இ. மெக்கானிக்கல், கடைசி செமஸ்டர். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று, இன்ஜினியரிங் சர்வீஸ் கம்பெனியில் ஹைப்பர்மெஷ் சாஃப்ட்வேர் வைத்து மெஷ் போடும் வேலை, அதாவது சிமுலேஷனுக்காகப் பாகத்தின் கம்ப்யூட்டர் மாடலைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிப்பது. மற்றது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சஸ்பென்ஷன் பாகங்கள் செய்யும் கம்பெனியின் டெஸ்ட் லேப். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். லேபுக்குப் போனால் மெஷினை ஓடவிட்டு ரிப்போர்ட் அடிப்பதோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? சேர்வதற்கு முன் இரண்டு மாதம் இருக்கிறது. எதைப் படித்தால் பயன்?

மெஷ்மேடை:
மெஷ் வேலையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது. தகட்டுக்கு மிட்சர்ஃபேஸ் (தடிமனின் நடுப்பரப்பு) எடுத்து ஷெல் என்ற தட்டைத் துண்டுகள் போடுவது, வார்ப்புப் பாகத்துக்கு டெட்ரா என்ற நான்முகத் துண்டுகளை நிரப்புவது, துண்டுகளின் வடிவம் கெட்டிருக்கிறதா என்று காட்டும் வார்ப்பேஜ், ஜேக்கோபியன் அளவுகளைப் பார்த்துத் திருத்துவது எல்லாம் சில மாதங்களில் கை பழகிவிடும். அதில் பாதியை இப்போது சாஃப்ட்வேரே செய்கிறது. வந்த ரிசல்ட் தப்பு என்று கண்டுபிடிக்கும் இடத்தில்தான் ஆள் தேவை.

இரண்டு மாதமும் ஒரே ஒரு பட்டையோடு உட்காருங்கள். 200 மி.மீ. நீளம், 20 அகலம், 10 தடிமன், எஃகு. ஒரு முனையைப் பிணைத்து மறுமுனையில் 100 நியூட்டன் கொடுங்கள். முதலில் பேப்பரில் போட வேண்டும்: முனை 0.76 மி.மீ. இறங்கும், பிணைத்த அடிப்பகுதியில் ஸ்ட்ரெஸ் 60 மெகாபாஸ்கல். அதன் பிறகு ஆன்சிஸ் ஸ்டூடன்ட் பதிப்பில் செய்து பாருங்கள். தடிமனுக்கு ஒரே அடுக்காக முதல் வரிசை டெட்ரா (மூலைகளில் மட்டும் புள்ளி உள்ளது) போட்டால் பட்டை இல்லாத விறைப்பைக் காட்டும், இறக்கம் கணிசமாகக் குறையும். விளிம்புகளின் நடுவிலும் புள்ளி உள்ள இரண்டாம் வரிசை டெட்ராவுக்கு மாற்றினால் கைக்கணக்குக்கு வந்துவிடும். பிணைத்த விளிம்பில் மட்டும் மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும். பவுண்டரி கண்டிஷன், அதாவது மாடலில் நாம் பிணைத்த விதம், செய்யும் வேலை அது, பாகத்தின் ஸ்ட்ரெஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

இன்டர்வியூவில் தவறாமல் வருவது ஃப்ரீ-ஃப்ரீ மோடல், அதாவது பிணைப்பே இல்லாத பாகத்தின் இயல்பான அதிர்வுகளைக் கணக்கிடுவது. எங்கும் பிணைக்காத பாகத்துக்கு முதல் ஆறு ஃப்ரீக்வென்சி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், ஏழாவதிலிருந்துதான் உண்மையான அதிர்வு. ஏழாவதும் பூஜ்யமாக வந்தால் எங்கோ ஒரு வெல்டோ போல்ட்டோ இணையாமல் கிடக்கிறது. யூனிட்டும் அப்படித்தான். மி.மீ., டன், விநாடி என்று போகும்போது எஃகின் அடர்த்தி 7.85 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 9. மைனஸ் 6 என்று கிலோவில் போட்டால் எல்லா ஃப்ரீக்வென்சியும் 32 மடங்கு குறைந்துவிடும். சாஃப்ட்வேர் ஒரு எச்சரிக்கையும் தராது.

ரிக்பெஞ்ச்:
தம்பி, மேலே சொன்ன அதே பட்டையை லேபில் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

பிணைத்த முனையிலிருந்து 30 மி.மீ. தள்ளி ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுங்கள். பரப்பு நீளும்போது ரெசிஸ்டன்ஸ் மாறும் சிறு பட்டி அது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீசர், பிறகு 320 அல்லது 400 நம்பர் எமரித் தாள். துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு திரும்ப ஏறும். கோடு போட்டு, கேஜை டேப்பில் எடுத்து வைத்து, பசையை மெல்லியதாக விட்டு, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். மூன்று வயர் இணைப்புதான் கொடுக்க வேண்டும். இரண்டு வயரில் லேப் சூடு மாறும்போது கேபிளின் ரெசிஸ்டன்ஸ் மாறி, ரீடிங் தானாக நகரும்.

முனையில் 10 கிலோ (ஏறக்குறைய அதே 100 நியூட்டன்) தொங்கவிட்டால் சுமார் 240 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் பத்து லட்சத்துக்கு 240 பங்கு மாற்றம், வர வேண்டும். கேஜ் ஃபேக்டர் (கேஜின் உணர்திறன்) 2, குவார்ட்டர் பிரிட்ஜ் (நான்கு கைச் சர்க்யூட்டில் ஒன்றில் மட்டும் கேஜ்), 5 வோல்ட் என்றால் சிக்னல் 0.6 மில்லிவோல்ட். இத்துணூண்டு சிக்னல் என்பதால்தான் ஒட்டுவதில் இவ்வளவு கவனம்.

முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். ஸ்ட்ரெயின் சரியாக வரும், ஆனால் நகர்வை அளக்கும் டயல் கேஜில் முனை இறக்கம் 0.76 என்பதைத் தாண்டிக் காட்டும். மாடலும் தப்பில்லை, கேஜும் தப்பில்லை. பட்டையைப் பிடித்திருக்கும் வைஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அந்த இடத்து ஸ்ட்ரெயின் சுமையையும் தூரத்தையும் மட்டும் பொறுத்தது. இறக்கத்திலோ பிடிமானத்தின் நெகிழ்வும் சேர்ந்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மாக இருந்தாலும் பிராக்கெட்டாக இருந்தாலும் சிமுலேஷன் டீமுக்கும் லேபுக்கும் நடக்கும் சண்டையில் பெரும்பங்கு இந்த மாதிரிப் பிடிமானச் சண்டைதான். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ரிப்போர்ட் அடிப்பவர் அல்ல.

பாகத்தை அதிரவைத்துச் சோதிக்கும் ஷேக்கரிலும் அதே கதை. டெஸ்ட் 2000 ஹெர்ட்ஸ் வரை போகும்போது பாகத்தைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸர் 800-இல் தானே ஆடினால், பாகத்துக்கு எவ்வளவு அதிர்வு போனது என்பதற்கு அர்த்தமே இல்லை. பாகத்தை ஏற்றும் முன் வெறும் ஃபிக்ஸருக்கு ஒரு சைன் ஸ்வீப் (ஃப்ரீக்வென்சியைப் படிப்படியாக ஏற்றும் சோதனை) ஓட்டியே ஆக வேண்டும்.

களப்புழுதி:
இரண்டு பேர் சொன்னதையும் ஃபெட்டீக் கணக்கில், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி உடையும் கணக்கில், வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கு எத்தனை சைக்கிள் தாங்கும் என்று காட்டும் எஸ்-என் வளைவின் சரிவு 5 என்றால், ஸ்ட்ரெஸ் 10 சதவீதம் கூடினால் ஆயுள் 1.6-ஆல் வகுபடும். ஐந்து லட்சம் சைக்கிள் தாங்க வேண்டியது மூன்று லட்சத்துக்குச் சற்று மேலேயே உடையும். அளந்த லோடு இல்லாமல் மாடலில் மட்டும் ஆயுள் சொல்வது ஆபத்து.

என் கருத்து: லேபில் சேருங்கள், ஆனால் மூன்று விஷயம் கேட்டுவிட்டு. டேட்டா அக்விசிஷன் (சென்சார் ரீடிங்கைப் பதியும் கருவி) சொந்தமாக இருக்கிறதா? ஃபிக்ஸர் டிசைன் உள்ளேயே நடக்கிறதா? உடைந்த பாகத்தை வெட்டி, முறிவுப் பரப்பைப் பார்ப்பது யார்? மூன்றும் வெளியே போகிறது என்றால் சீனியர்கள் சொன்னதுதான் நடக்கும், அப்போது மெஷ் வேலையே மேல்.

பின்னால் நகர வழி உண்டு. ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி., புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட் எல்லாம் வண்டிகளுக்கும் பாகங்களுக்கும் டெஸ்ட் செய்து சான்று தரும் இடங்கள். மின்வண்டி பேட்டரி பக்கம் போக நினைத்தால் அதற்கான பாதுகாப்புத் தரநிலைகள் உண்டு: டூவீலர், ஆட்டோ வகைக்கு ஏ.ஐ.எஸ். 156, கார், பஸ் வகைக்கு ஏ.ஐ.எஸ். 038. அதிர்வு, ஷாக், தீ, வெப்பப் பரவல் எல்லாம் அதில் வரும். மெக்கானிக்கல் ஆள் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸும் தெரிந்து வைத்திருந்தால் அங்கே எடுபடுவார்.

சக்கரம்24:
மிக்க நன்றி. மூன்று கேள்வியையும் எச்.ஆரிடம் கேட்காமல் லேப் மேனேஜரிடமே கேட்டுவிடுகிறேன். பட்டைக்கு 120 ஓம் கேஜ் வாங்கட்டுமா, 350 ஓமா?

ரிக்பெஞ்ச்:
எஃகுக்கு இரண்டுமே சரி, 120 மலிவு. பிளாஸ்டிக் பாகத்தில் ஒட்டுவதாக இருந்தால் மட்டும் 350 வாங்குங்கள். அதே வோல்டேஜில் அது குறைவாகச் சூடாகும், பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது என்பதால் 120-இல் ரீடிங் நிலைக்காது.