மைசூருக்குக் குடிபெயரும் கணித ஆசிரியைக்கு அங்கே பணி கிடைக்குமா?

கேள்வி – தூத்துக்குடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன்; வரும் ஏப்ரலோடு 9 ஆண்டுகள் நிறைவடைகின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஒரு கல்லூரியில் பி.எட். பட்டமும் பெற்றவள். வங்கி அதிகாரியான என் கணவருக்கு மைசூருக்கு மாறுதல் வந்து, அவர் சென்ற டிசம்பரிலேயே அங்கே பொறுப்பேற்றுவிட்டார். என் பத்தாம் வகுப்பு மாணவர்களின் பொதுத்தேர்வும், ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளின் ஆண்டுத் தேர்வும் முடியும் வரை நாங்கள் இருவரும் இங்கேயே இருந்துவிட்டு, மே மாதம் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம்.

என் கவலைகள் மூன்று. தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித்தேர்வின் இரண்டாம் தாளை இரு முறை எழுதினேன். இரண்டாம் முறை, என் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அப்போது தேவைப்பட்ட 82 மதிப்பெண்ணுக்கு மூன்று குறைவாக, 79 பெற்றேன். அந்தத் தேர்ச்சி இல்லாமல் வேறு மாநிலத்தில் என்னை நேர்காணலுக்காவது அழைப்பார்களா என்று தெரியவில்லை. அடுத்து, கன்னடத்தில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. மூன்றாவதாக, இத்தனை ஆண்டுகளும் நான் நடத்தியது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் மட்டுமே. அந்த அனுபவத்தை அங்கே ஓர் அனுபவமாகவே கருதுவார்களா என்ற ஐயம் இருக்கிறது.

மாறுதலுக்கு உட்பட்ட குடும்பத்தில் ஆசிரியைப் பணி நிலைக்காது, வீட்டில் இருந்து தனிப்பயிற்சி எடுத்தால் போதும் என்று உறவினர் பலர் கூறுகிறார்கள். ஆனால் வகுப்பறையில் கரும்பலகையின் முன் நிற்காத ஒரு ஜூன் மாதத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. இந்த வழியில் முன்பே சென்றவர்கள், இப்போதிலிருந்து மே மாதத்துக்குள் நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – நாகர்கோவிலிலிருந்து மைசூருக்கு வந்தவன்

சகோதரிக்கு வணக்கம். நான் மைசூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் 12 ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். உங்கள் முதல் கவலையைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். நம் ஊரிலிருந்து வரும் பலர், தகுதித்தேர்வில் தேர்ச்சியில்லை என்ற ஒன்றை எண்ணியே விண்ணப்பம் அனுப்பாமல் இருந்துவிடுகிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் ஆசிரியர்களுக்கே தகுதித்தேர்வைக் குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக்கியது. நீங்கள் கற்பிக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது எட்டிலிருந்து பத்து வரை. ஆகவே எட்டாம் வகுப்பையும் சேர்த்தே கால அட்டவணையில் உங்களுக்கு ஒதுக்கக்கூடும் என்பதால், மத்திய தகுதித்தேர்வில் தேர்ச்சி பெற்றிருப்பது உங்களுக்கு வலு சேர்க்கும். அதற்காக அத்தேர்ச்சி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தை இப்போதே அனுப்புங்கள், தேர்வுக்கும் படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கூறுகிறேன். இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளியைச் சேர்ந்தவை அல்ல. ஒரே வளாகத்தில் இயங்கினாலும் அவை பியு கல்லூரி என்ற தனி அமைப்பு, அங்கே கற்பிப்பவரை விரிவுரையாளர் என்றே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பள்ளிகளை மட்டும் தேடிவிட்டு, இடமில்லை என்று சோர்ந்துவிடுகிறார்கள். முதுநிலைக் கணிதமும் பி.எட்.டும் உடைய நீங்கள் பியு கல்லூரிகளுக்கும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மேல்நிலை வகுப்பு எடுத்த அனுபவம் உங்களுக்கு இல்லை என்பதால், நேர்காணலில் வகைநுண்கணிதத்திலும் திசையன்களிலும் கேள்விகள் வரும் என்று எண்ணித் தயாராகச் செல்லுங்கள்.

பாடத்திட்டம் பற்றிய கவலைக்கு வருகிறேன். நீங்கள் பத்தாம் வகுப்பில் நடத்தும் உறவுகளும் சார்புகளும், அணிகள் ஆகியவை சிபிஎஸ்இ பள்ளிகள் பின்பற்றும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலில் இல்லை. முன்னது பதினொன்றிலும் பின்னது பன்னிரண்டிலும் வருகின்றன. இருபடிச் சமன்பாடுகள், கூட்டுத்தொடர், முக்கோணங்கள், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல், நிகழ்தகவு எல்லாம் உங்களுக்குப் பழகியவை. பாடப்பொருளைக் காட்டிலும் வினாத்தாளின் அமைப்பே வேறுபாடு. ஒரு சூழலை விவரித்து அதன்மேல் கேட்கப்படும் வினாக்களையும், கூற்றும் காரணமும் என்ற வகை வினாக்களையும் சிபிஎஸ்இ மாணவர்கள் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் ஸ்டாண்டர்ட், பேசிக் என இரு நிலைக் கணிதத் தேர்வுகளும் உண்டு. சிபிஎஸ்இ தன் இணையதளத்தில் வெளியிடும் மாதிரி வினாத்தாள்களில் நான்கைந்தை நீங்களே விடையெழுதிப் பாருங்கள். கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணிதமும் என்சிஇஆர்டி நூலையே தழுவியது என்பதால், இந்த உழைப்பு இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் பயன்படும்.

மாதிரி வகுப்புதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. எங்கள் பள்ளியில் அத்தகைய வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஆசிரியர்கள் தேற்றத்தைப் பிழையின்றி எழுதி நிரூபிக்கிறார்கள், ஆனால் இருபது நிமிடமும் பலகையைப் பார்த்தே நின்றுவிடுகிறார்கள். ஒரு காகித முக்கோணத்தை மடித்துக் காட்டி, மாணவர் ஒருவரையே முடிவைக் கூறவைப்பவருக்கு முன்னுரிமை கிடைப்பதைக் கண்டிருக்கிறேன். வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். கணக்கை விளக்கும்போது நம்மை அறியாமல் தமிழுக்குத் தாவும் பழக்கம் இருந்தால் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

கன்னடம் தெரியாதது தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் கணித ஆசிரியைக்குத் தடையாக இராது. 2015 ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களுக்குக் கன்னடம் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது. கணித ஆசிரியர் கன்னடத்தில் பாடம் நடத்த வேண்டும் என்று அது கூறவில்லை. ஆயினும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கன்னடத்தில் மனம் திறக்கும்போது, அது புரியாமல் அமர்ந்திருப்பது எனக்கு வேதனையாக இருந்தது. ஓராண்டில் பேசப் பழகினேன். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது என்று எண்களில் தொடங்குங்கள். தமிழ் அறிந்தவருக்கு அது வெகு தொலைவில் இருக்கும் மொழி அன்று.

காலம்தான் உங்களுக்கு மிகவும் நெருக்கடியானது. அடுத்த ஆண்டும் தொடர்வீர்களா என்று பள்ளிகள் தம் ஆசிரியர்களிடம் ஜனவரி, பிப்ரவரியில் எழுதி வாங்கிக்கொள்கின்றன. அதன்பின் ஏப்ரல் வரை பெரும்பாலான நேர்காணல்கள் முடிந்துவிடும். மே மாதம் வந்து இறங்கிய பிறகு தேடத் தொடங்கினால் எஞ்சிய இடங்களே இருக்கும். தூத்துக்குடியிலிருந்து மைசூருக்கு நேரடி விரைவு ரயில் இருக்கிறது. மாலையில் ஏறினால் மறுநாள் காலை இங்கே இருப்பீர்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று பள்ளிகளில் நேரம் கேட்டு வாங்கி வந்து போங்கள். அப்படியும் அமையாவிட்டால், தசரா விடுமுறைக்குப் பின் இரண்டாம் பருவம் தொடங்கும்போது மகப்பேறு விடுப்பு இடங்கள் சில காலியாகும்.

மறுமொழி 2 – கேந்திரிய வித்யாலயாவில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர்

அம்மா, முன்னவர் தனியார் பள்ளிகளைப் பற்றி நிறைவாகக் கூறிவிட்டார். மாறுதல் வரும் குடும்பத்துக்கு ஏற்ற வழியாக நான் கருதுவது மத்திய அரசின் பள்ளிகளையே. நாளை உங்கள் கணவர் வேறோர் ஊருக்குச் சென்றாலும், நீங்கள் அதே நிறுவனத்துக்குள் மாறுதல் கேட்க இடமிருக்கிறது.

கேந்திரிய வித்யாலயாவில் பட்டதாரி ஆசிரியராக மத்திய தகுதித்தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். அந்தத் தேர்வில் மொழித் தாள்களுக்கு ஆங்கிலத்தையும் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. 150 மதிப்பெண்களில் 60 மொழிகளுக்கு, 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும், 30 குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. 2021 இல் தகுதிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால், ஒருமுறை பெற்றுவிட்டால் எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் உங்களோடு வரும். 79 மதிப்பெண் பெற்றவருக்கு இது எட்டாத உயரம் அன்று. முதல் தாளை எழுதிப் பார்க்கலாமா என்று எண்ணினால் வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்குப் பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

நிரந்தர நியமனம் வரும் வரை, ஒவ்வொரு கேந்திரிய வித்யாலயாவும் ஒப்பந்த ஆசிரியர்களுக்காக பிப்ரவரி, மார்ச்சில் நடத்தும் நேரடி நேர்காணலைத் தவறவிடாதீர்கள். அறிவிப்பு அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தில்தான் வரும், பெரும்பாலும் சில நாள் அவகாசமே இருக்கும். மைசூரில் என்சிஇஆர்டியின் மண்டலக் கல்வி நிறுவனமும் அதனோடு இணைந்த செயல்முறைப் பள்ளியும் இருக்கின்றன. அங்கும் ஒப்பந்த இடங்கள் அறிவிக்கப்படுவதுண்டு. ஒப்பந்தப் பணி நிலையானதன்று, தேவை தீர்ந்ததும் விடுவித்துவிடுவார்கள். இருந்தாலும் சிபிஎஸ்இ வகுப்பறையில் பெற்ற ஓராண்டு அனுபவம், உங்கள் மூன்றாவது கவலையை நீக்கிவிடும்.

இன்னொன்று. கர்நாடக அரசின் நியமனங்களில், தமிழ்நாட்டில் பிறந்து குடிபெயர்ந்தவருக்கு அந்த மாநில இடஒதுக்கீடு கிடைக்காது. பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். ஆனால் உங்கள் வகுப்பு மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்து, வருமான வரம்புக்கும் உட்பட்டவராக இருந்தால், தமிழ்நாட்டில் மத்திய அரசுப் படிவத்தில் பெற்ற சான்றிதழ் கேந்திரிய வித்யாலயா நியமனத்துக்குச் செல்லும். அதை ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள்.

மறுமொழி 3 – திருச்சியிலிருந்து ஹூப்ளிக்குச் சென்றவள்

சகோதரி, சான்றிதழ்களைப் பற்றி நான் எழுதுகிறேன். அவற்றால் ஓராண்டை இழந்தவள் நான். பணியில் சேரும்போது நான் வேலை செய்த பள்ளி என் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது. கல்வியாண்டு முடிந்தபின் தருகிறோம், தாளாளர் ஊரில் இல்லை என்று நாள் கடத்தினார்கள். ஹூப்ளியில் நேர்காணலில் தேர்வான பிறகும் மூலச் சான்றிதழ்களைக் காட்ட முடியாததால், அந்த இடம் வேறொருவருக்குச் சென்றது. உங்களுடையவை பள்ளியில் இருந்தால் இந்த வாரமே எழுத்து மூலம் கேளுங்கள், கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்குங்கள்.

இரண்டாவது, முதலெழுத்து. பட்டச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தும், ஆதாரில் கணவரின் முதலெழுத்தும் இருப்பது நமக்கு இயல்பு. அங்குள்ள அலுவலருக்கு அவர்கள் இருவரும் வெவ்வேறு பெண்கள். ஆதார், பான், வைப்பு நிதிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி இங்கேயே திருத்திவிட்டு, திருமணப் பதிவுச் சான்றிதழையும் உடன் வைத்திருங்கள். பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழை இன்னும் வாங்காமல் தற்காலிகச் சான்றிதழையே வைத்திருந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள். அனுபவச் சான்றிதழில் எந்தெந்த வகுப்புகளுக்கு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நன்னடத்தை உடையவர் என்ற ஒற்றை வரி போதாது. சிபிஎஸ்இ பள்ளிகள் காவல்துறைச் சரிபார்ப்பும் கேட்கும் என்பதால், தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவையில் அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் கூற வேண்டும். ஊர் மாறும் செலவுக்கு உதவும் என்று வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடத் தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள். அதனோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் பெயர் இருந்தால், மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். உங்களுக்கு 9 ஆண்டுகள் முடிகின்றன. புதிய பள்ளியில் அதே கணக்கு எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொண்டால், அடுத்த ஓராண்டில் அந்த வரம்பை எட்டிவிடுவீர்கள்.

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) கேட்டு வாங்குங்கள். அது ஆசிரியர்களுக்குக் கிடையாது என்று என்னிடமும் கூறினார்கள். 2009 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் அதில் சேர்த்தது. தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2022 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குங்கள். கணித ஆசிரியையான உங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் கேட்காமல் பள்ளி அதைத் தாமாகவே தரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் – தூத்துக்குடி ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூலச் சான்றிதழ்கள் என்னிடமே இருக்கின்றன. ஆனால் ஆதாரில் முதலெழுத்து கணவருடையது, எம்.எஸ்சி. பட்டச் சான்றிதழுக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை என்பது இந்த மறுமொழிகளைப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. வரும் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துத் திருநெல்வேலிக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துவிடுகிறேன். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை மைசூரில் இருக்கும்படி ரயிலில் முன்பதிவு செய்திருக்கிறேன். ஐந்து பள்ளிகளுக்கும் ஒரு பியு கல்லூரிக்கும் விண்ணப்பம் அனுப்பியதில், இதுவரை ஒரு பள்ளி நேரம் கொடுத்திருக்கிறது. அவர்கள் கேட்டிருக்கும் பாடம் முக்கோணங்களின் வடிவொப்புமை. இன்று மாலை மகளை எதிரே அமர்த்தி, ஆங்கிலத்தில் மட்டும் பேசி, ஒருமுறை நடத்திப் பார்க்கப் போகிறேன்.