வலம்புரியா, வலத்திருகா? டிஎன்ஏயின் முறுக்குக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

உயிர்க்கலங்களில் (செல்களில்) மரபுத் தகவலைத் தாங்கும் டிஎன்ஏ, இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவம் கொண்டது. அந்த வடிவத்தின் ஆங்கிலப் பெயரான 'டபிள் ஹெலிக்ஸ்' என்பதற்குக் கல்முனை டீச்சர் முன்வைத்த 'வலம்புரி இரட்டைச் சுருள்' என்ற சொல்லைப் போன கிழமை நானும் ஆமோதித்திருந்தேன். அந்த ஆதரவை இப்போது மீளப் பெறுகிறேன். டீச்சர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். சொல் அழகானதுதான், ஆனால் உயிரியலில் அது பிள்ளைகளைத் தலைகீழாகக் கொண்டுபோய் விடுகிறது.

வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "சேர், அப்ப சங்கு முறுக்கின பக்கமாத்தான் டிஎன்ஏயும் முறுக்குமா?" என்று கேட்டாள். மறுநாள் வீட்டுச் சங்கைக் கொண்டுபோனேன். கோயிலிலும் மரண வீட்டிலும் ஊதுகிற சாதாரணச் சங்குதான். நம் வழக்கில் அது இடம்புரி. விலங்கியலாளர் சங்கின் கூர்ந்த உச்சியை மேலே வைத்து, வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் அது வலச்சுருள். நாமோ உச்சியைக் கீழே வைத்துப் பார்க்கிறோம், அப்போது அதே வாய் இடப்பக்கம் வரும். ஆகவே நமது இடம்புரிதான் அவர்களுக்கு வலச்சுருள். நாம் அருமையாகக் கருதும் வலம்புரிச் சங்கு, அவர்கள் கணக்கில் அபூர்வமான இடச்சுருள்.

டிஎன்ஏயின் வழக்கமான வடிவம் வலக்கை முறுக்கு, அதாவது விலங்கியலாளரின் வலச்சுருள் பக்கம். டிஎன்ஏயின் இந்த வடிவத்தை முன்வைத்து 1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட கட்டுரையிலேயே அப்படித்தான் இருக்கிறது. வலம்புரிச் சங்கை மனதில் வைத்துக்கொண்டு அதை வரையும் பிள்ளை இடக்கை முறுக்கையே வரைவாள். ஏற்கெனவே பல படங்களில் டிஎன்ஏ கண்ணாடியில் பார்த்தது போலப் பக்கம் மாறித்தான் அச்சாகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பயிற்சிக் கையேட்டின் அட்டையிலும் அதே பிழை. நமது சொல்லும் அந்தப் பிழைக்குத் துணைபோகக் கூடாது.

'சுருள்' என்ற பகுதியும் எனக்கு ஒப்பவில்லை. சுருள் என்றால் பிள்ளைக்கு முதலில் நினைவு வருவது நுளம்புச் சுருள். அது தட்டையானது, வெளியே போகப் போக அகலும். சங்கும் அகலும். டிஎன்ஏ அகலாது. எங்கே அளந்தாலும் குறுக்களவு ஏறத்தாழ 2 நனோமீற்றர்தான், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 3.4 நனோமீற்றர், அந்தச் சுற்றுக்குள் பத்துச் சோடி மூலங்கள் ('பேஸ்' எனப்படும் உட்பகுதிக் கூறுகள்) அளவில் அடங்கும். (தமிழ்நாட்டுக் காணொளிகளில் 'காரம்' என்று கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் குழம்புகிறார்கள். அவர்கள் காரம் என்பதைத்தான் நாம் மூலம் என்கிறோம். அதைத் தனியாகப் பேசுவோம்.)

சரி, மாற்றுச் சொல்? 'புரி'யை விட்டுவிட எனக்கு மனமில்லை. வாவிக்கரையில் தோணி கட்டும் தும்புக் கயிற்றைப் பாருங்கள். தும்பைத் திரித்தால் ஒரு புரி, இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு. டிஎன்ஏயும் அப்படித்தான். சீனியும் பொசுபேற்றும் மாறி மாறித் தொடுத்த இரண்டு புரிகள் வெளியே ஓடுகின்றன. உள்ளே மூலங்கள் சோடி சேர்கின்றன: அடினைன் தைமினுடன் இரண்டு ஐதரசன் பிணைப்புகளாலும், குவானின் சைற்றோசினுடன் மூன்றாலும் சேர்கிறது. ஆகவே 'இரட்டைப்புரி'. டிஎன்ஏக்கு உறவான ஆர்என்ஏ என்ற மூலக்கூறு பெரும்பாலும் 'ஒற்றைப்புரி', அதில் தைமினுக்குப் பதிலாக யுராசில். கலம் பிரிய முன் டிஎன்ஏ தன்னைப் பிரதி செய்யும்போது நடப்பது 'புரி பிரிதல்'. பிரிந்த ஒவ்வொரு பழைய புரியையும் அச்சாகக் கொண்டு ஒரு புதுப்புரி உருவாகிறது. பழையது ஒன்று, புதியது ஒன்று எனச் சோடி சேர்வதால்தான் தகவல் மாறாமல் அடுத்த கலத்துக்குப் போகிறது. இவ்வளவையும் ஒரே வேர்ச்சொல் தாங்குகிறது.

முறுக்கின் பக்கத்துக்குக் கயிறு உதவாது, திரிப்பவர் கையைப் பொறுத்து அது மாறும். அதற்குத் திருகாணிதான் பொருத்தம். கடையில் வாங்கும் சாதாரணத் திருகாணியை நிமிர்த்திப் பிடித்தால், முன்பக்க வரைகள் இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலாக ஏறும். டிஎன்ஏயும் அப்படியே. தலைகீழாகப் பிடித்தாலும் அது மாறாது (சங்கிலும் பக்கம் மாறுவது வாய்தான், முறுக்கு அல்ல). ஆகவே என் முன்மொழிவு 'வலத்திருகு இரட்டைப்புரி'. 1979இல் பளிங்கு வடிவில் கண்டறியப்பட்ட இசட்-டிஎன்ஏ என்ற இன்னொரு டிஎன்ஏ வடிவம் இதற்கு நேரெதிரான முறுக்கு. அதற்கு 'இடத்திருகு' என்று தயாராக ஒரு சொல் கிடைக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் குரோமோசோமுக்கு 'நிறப்புரி' என்று இருப்பதால் குழப்பம் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கே நாம் நிறமூர்த்தம் என்றுதான் படிப்பிக்கிறோம், ஆகவே நம் வகுப்பில் மோதாது. அங்கேயும் நிறப்புரிக்குள் இரட்டைப்புரி இருக்கிறது என்பது பிழையான வாக்கியம் இல்லை.

இரண்டு புரிகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதற்கு 'எதிர்ச்சமாந்தரம்' போதும், அதை மாற்றத் தேவையில்லை.

டீச்சர், உங்கள் வகுப்பிலும் ஒரு திருகாணியைக் கொடுத்துப் பிள்ளைகளை வரையச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் சரியான பக்கம் முறுக்குகிறார்கள் என்று எழுதுங்கள். அப்புறம் சொல்லைத் தீர்மானிப்போம்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்