பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பை உடல் முன்கூட்டியே காட்டுமா?

கேள்வி:
பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தேர்வு நெருங்கினாலே வயிற்றுவலி வந்துவிடுகிறது. உள்ளங்கை வியர்த்து விடைத்தாளின் ஓரம் நனைந்துபோகிறது. அவளது ஸ்மார்ட் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பைக் கொண்டு, பதற்றக் கோளாறு வருமா என்பதை முன்னரே கணிக்க இயலுமா?

பதில் 1:
ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜெரோம் கேகன் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், புதியவர்களைக் கண்டு ஒடுங்கும் குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு விரைவாகவும், அதன் ஏற்ற இறக்கம் குறைவாகவும் இருக்கக் காணப்பட்டது; ஆனால் அவர்களுள் ஒரு பகுதியினரே வளரிளம் பருவத்தில் பதற்றத்துக்கு ஆளாயினர். தவறு செய்த 0.1 நொடிக்குள் இஇஜி (மூளையின் மின் செயல்பாட்டை அளக்கும் சோதனை) பதிவில் தோன்றும் எதிர்மறை அலை பெரிதாக உள்ள பிள்ளைகளிடம் பிற்காலத்தில் பதற்றக் கோளாறு கூடுதலாகத் தென்படுவதாகவும் ஆய்வுகள் உண்டு. இவையெல்லாம் குழுக்களை ஒப்பிடுவதற்குப் பயன்படுமேயன்றி, தனியொரு பிள்ளையைப் பற்றி முடிவு கூற உதவா.

பதில் 2:
மேலே கூறப்பட்டதை ஏற்கிறேன். காபி, காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய எதுவும் துடிப்பை உயர்த்தக்கூடும் என்பதால், வாட்ச்சை விட்டுவிட்டு முதலில் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 8 முதல் 18 வயதினருக்குப் பதற்றத்தைக் கண்டறியும் சோதனையை 2022இல் பரிந்துரைத்தபோதும், அதற்குக் கருவியாக இருப்பது வினாப்பட்டியலே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. விடுமுறை நாள்களில் அவளுக்கு வயிற்றுவலி வருவதேயில்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில் 2:
அவசியம் சொல்லுங்கள், தூக்கம், மாதவிடாய் பற்றியும் அவர் கேட்பார்.